பழைய காருக்கும் ஒரு தீபாவளி சீட்டு போடுங்க

என் முதல் கார் ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக். விலை 2.60 லட்சம். கையில் இருந்தது 2.80 லட்சம். ஆர்சி பெயர் மாத்தி, இன்சூரன்ஸ் போட்டு, கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடிச்சப்போ அக்கவுன்ட்டில் மிச்சம் 4,300 ரூபாய். கடன் வாங்காம கார் வாங்கிட்டோம்னு அன்னிக்கு அவ்வளவு பெருமை எனக்கு.

ரெண்டாவது மாசமே பிரேக் மிதிச்சா 'கிறீச்'னு சத்தம். மெக்கானிக் அண்ணன் வீலைக் கழட்டிப் பார்த்தார். "தம்பி, பேட் சுத்தமா தேஞ்சுபோச்சு, டிஸ்க்குல கோடு விழுந்திருக்கு. முன்னாடி ரெண்டு டயரும் மாத்தியாகணும். எல்லாம் சேர்த்து 16,000 ஆகும்." நான் சொன்னது ஒரே வார்த்தைதான்: "அடுத்த மாசம் பார்க்கலாம்ணா."

அந்த அடுத்த மாசம் வர்றதுக்குள்ள அம்மா அப்பாவை ஏத்திக்கிட்டு ஊருக்குக் கிளம்பினேன். அச்சரப்பாக்கம் தாண்டினதும் நல்ல மழை. முன்னால போன லாரி திடீர்னு நின்னுச்சு. பிரேக்கை முழுசா மிதிச்சேன். கார் நிக்கல, வழுக்கிக்கிட்டே போச்சு. லாரிக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்னுச்சு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அப்பா எதுவும் பேசல. இறங்கும்போது மட்டும், "பைக்கே இருந்திருக்கலாம்டா"ன்னார்.

ஊர்லேர்ந்து திரும்பினதும் முதல் வேலையா அந்த 16,000-ஐ கிரெடிட் கார்டில் தேய்ச்சேன். அதுக்கப்புறம் மூணு மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். அந்தத் தப்பைப் பத்தி இன்னொரு நாள் பேசுவோம். இன்னிக்கு நான் சொல்ல வந்தது அதுக்கு முந்தின தப்பு: கையில் இருந்த மொத்தப் பணத்துக்கும் கார் வாங்கினது.

'எதிர்பாராத செலவு'ன்னு ஒண்ணு கிடையாது

கார் ரிப்பேர் வந்தா நாம எல்லாரும் சொல்றது, "எதிர்பார்க்காத செலவு வந்துடுச்சு". யோசிச்சுப் பாருங்க. பிரேக் பேட் தேயும். டயர் தேயும். பேட்டரி மூணுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள சாகும், சென்னை வெயிலுக்குக் கொஞ்சம் முன்னாடியே சாகும். கிளட்ச் பிளேட்டும் ஒருநாள் தேஞ்சே தீரும். இதில் எது எதிர்பாராதது? வரும்னு உறுதி. எந்தத் தேதியில் வரும்னு மட்டும்தான் தெரியாது.

நம்ம அம்மாக்களுக்கு இது நல்லாவே தெரியும். தீபாவளி வரும்னு தெரியும். அதனால தெருவில் தீபாவளி சீட்டு போட்டு மாசம் 500, 1,000-னு கட்டிக்கிட்டே வருவாங்க. ஐப்பசியில் யாரும் "ஐயோ, தீபாவளி திடீர்னு வந்துடுச்சு"ன்னு பதறுறது இல்ல. பழைய கார் வெச்சிருக்கிறவனும் அதையேதான் செய்யணும்.

என் கருத்தை நேரடியா சொல்லிடறேன்: மாசாமாசம் காருக்குன்னு ஒரு தொகையைத் தனியா எடுத்துவைக்க முடியலைன்னா, அந்தக் காரை உங்களால இன்னும் வாங்க முடியாது. ரொக்கம் கொடுத்து வாங்கினாலும் சரி, இதான் கணக்கு.

எவ்வளவு எடுத்துவைக்கணும்?

பத்து வருஷம் ஓடின ஒரு சின்ன பெட்ரோல் கார், வருஷத்துக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, வெளி மெக்கானிக்கிட்டதான் விடுறீங்கன்னு வெச்சுப்போம். அடுத்த அஞ்சு வருஷத்துக்கு நான் போடுற தோராயக் கணக்கு இது. காரைப் பொறுத்து, ஊரைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும்.

- வருடாந்திர சர்வீஸ் (ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில்): 6,000 × 5 = 30,000
- நாலு டயர், ஒரு முறை: 18,000
- பேட்டரி, ஒரு முறை: 5,000
- கிளட்ச் செட், கூலியோடு: 11,000
- சஸ்பென்ஷன் வேலை: 14,000
- பிரேக் பேட், ஷூ, டிஸ்க்: 6,000
- ஏசி வேலை: 12,000
- வைப்பர், பல்பு, பெல்ட், அலைன்மென்ட் மாதிரி சில்லறைச் செலவு: 12,000

மொத்தம் 1,08,000. அறுபது மாசத்துக்கு வகுத்தா மாசம் 1,800 ரூபாய். இன்சூரன்ஸுக்கு வருஷம் 7,200-னு வெச்சா அது மாசம் 600. ஆக 2,400. நான் 2,500-னே வெச்சுக்கச் சொல்வேன். டீசல் காரோ, ஆட்டோமேட்டிக்கோ, பெரிய செடானோ வாங்கினா இதைவிடக் கூடுதலா வைங்க. பெட்ரோல், பார்க்கிங், டோல் எதுவும் இதில் சேராது.

"இவ்வளவு செலவுன்னா புது காரே வாங்கிடலாமே"ன்னு தோணும். அதையும் பார்த்துடுவோம். 6 லட்சம் கடன், 9% வட்டி, 7 வருஷம்னா இஎம்ஐ மாசம் சுமார் 9,650. புது காருக்கும் சர்வீஸ் உண்டு, இன்சூரன்ஸும் அதிகம். அதனால பழைய கார் வாங்குறது முட்டாள்தனம் இல்ல. ஆனா இஎம்ஐ கட்டலைன்னா பேங்க்லேர்ந்து போன் வரும், 2,500-ஐ எடுத்துவைக்கலைன்னா யாரும் போன் பண்ண மாட்டாங்க. அதுதான் பழைய காரில் இருக்கிற ஆபத்து. கேட்க ஆள் இல்லாத கடனை நாம கட்டவே மாட்டோம்.

வாங்குறதுக்கு முன்னாடி

முதல் வேலை, பட்ஜெட்டைக் குறைக்கிறது. கையில் 3 லட்சம் இருந்தா 2.50 லட்சத்துக்குள்ள கார் தேடுங்க. மிச்சம் 50,000 காரோட பணம்தான். ஆர்சி மாத்தவும், இன்சூரன்ஸுக்கும், முதல் மூணு மாசத்தில் கண்டிப்பா வரப்போற வேலைகளுக்கும் அதிலிருந்து எடுங்க. முன்னாடி வெச்சிருந்தவர் எப்போ ஆயில் மாத்தினார்னு உங்களுக்குத் தெரியாது. வாங்கினதும் எல்லா ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுறது நல்லது.

ரெண்டாவது, விலை பேசுறதுக்கு முன்னாடி உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அவரோட அரை நாள் கூலியைக் கொடுத்துடுங்க. விக்கிறவரே கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேண்டாம். டயரில் நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். '3519'-னா 2019-ஆம் வருஷத்தின் 35-ஆவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. எனக்கு இது அச்சரப்பாக்கத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. டயர் பழசுன்னா அதோட விலையைக் காரின் விலையில் குறைச்சுப் பேசுங்க. அதே மாதிரி, அந்த மாடலுக்கு டைமிங் பெல்ட்டா, செயினான்னு கேளுங்க. பெல்ட்டுன்னா எப்போ மாத்தினாங்கன்னு பில் கேளுங்க. ஓடும்போது பெல்ட் அறுந்தா பல இன்ஜின்களில் வால்வு வளைஞ்சு, காரோட விலையில் ஒரு பெரிய பங்கு போயிடும்.

மூணாவது, ஒரு ஒத்திகை. காரே இல்லாம ஆறு மாசம், மாசம் 2,500 ரூபாயை ஒரு ஆர்டியில் போடுங்க. கூடவே பெட்ரோலுக்கு ஆகும்னு நினைக்கிற தொகையையும் போடுங்க. ஆறு மாசமும் கை கடிக்காம போட முடிஞ்சா, தைரியமா வாங்குங்க. 15,000 ரூபாய்க்கு மேல ரிப்பேர் பணம் தயாரா இருக்கும். மூணாவது மாசமே உடைச்சிட்டீங்கன்னா அதுவும் நல்லதுதான். கார் வாங்காமலே பதில் தெரிஞ்சுபோச்சு.

எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கேன்னு சொல்லாதீங்க

அது வேலை போனா, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாம போனா எடுக்கிற பணம். கிளட்ச்சுக்கு அதில் கைவெச்சா, அடுத்த மாசம் நிஜமான அவசரம் வரும்போது ரெண்டும் இருக்காது. கார் பணத்துக்குத் தனி அக்கவுன்ட் போதும். ஆர்டியோ, லிக்விட் ஃபண்டோ, எது வேணும்னாலும் சரி. பேருக்குத்தான் 'சீட்டு'ன்னு சொன்னேன். தெரியாத ஆள்கிட்ட சீட்டு கட்டாதீங்க.

இன்சூரன்ஸும் காப்பாத்தாது. தேய்மானத்துக்கோ, மெக்கானிக்கல் கோளாறுக்கோ சாதாரண பாலிசி ஒரு பைசா தராது. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது. அது ஆளுக்குரியது, காருக்குரியது இல்ல. பெயர் மாத்தின 14 நாளுக்குள்ள பாலிசியையும் உங்க பெயருக்கு மாத்த விண்ணப்பிச்சுடுங்க. சென்னையில் இருந்தா இன்ஜின் புரொடெக்ட் கிடைக்குமான்னும் கேளுங்க. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாமும் பார்த்தவங்க நாம. தண்ணியில் நின்ன காரை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, அந்த ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் பணம் கிடைக்கிறது கஷ்டம். ஆட்-ஆன் இருந்தாலும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணுங்க.

38,000 ரூபாய் லிஸ்ட் கையில் கொடுத்தா?

எவ்வளவு சேர்த்தாலும் ஒருநாள் சேர்த்ததைவிடப் பெரிய லிஸ்ட் வரும். அப்போ ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, எல்லாத்தையும் கார்டில் தேய்க்கிறது. கிரெடிட் கார்டு வட்டி மாசத்துக்கு மூணு, மூணரை சதவீதம். வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும். இன்னொண்ணு, எல்லாத்தையும் தள்ளிப்போடுறது. நான் பண்ணினது அது.

லிஸ்ட்டை மூணாப் பிரிங்க. மெக்கானிக்கிட்ட நேரா கேளுங்க: "அண்ணா, இதில் எது இல்லாம காரை ரோட்டில் எடுக்கக்கூடாது?"

முதல் வகை, இன்னிக்கே: பிரேக், டயர், ஸ்டியரிங், கூலன்ட் கசிவு. இதுக்குப் பணம் இல்லைன்னா காரை நிறுத்திட்டு பஸ்ஸில் போங்க. அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. கூலன்ட்டை ஏன் இதில் சேர்த்தேன்னா, சில நூறு ரூபாய் ஹோஸ் பைப்பைக் கவனிக்காம ஓட்டினா இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும், பில் ஆயிரங்களில் வரும். டெம்பரேச்சர் முள் மேல ஏறினா 'வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்'னு ஓட்டாதீங்க. ஓரம்கட்டி ஆஃப் பண்ணுங்க, சூடு ஆறும் வரைக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க.

ரெண்டாவது வகை, அடுத்த சம்பளம் வரைக்கும் தாங்கும்: நழுவ ஆரம்பிச்ச கிளட்ச், 'டக் டக்'னு சத்தம் போடுற சஸ்பென்ஷன் புஷ், வீக்கான பேட்டரி. எவ்வளவு நாள் தாங்கும்னு மெக்கானிக்கிட்ட கேட்டு தேதி குறிச்சு வைங்க. தேதி போடாம தள்ளினா மறந்தே போயிடும்.

மூணாவது வகை, இருக்கட்டும்: கீறல், டென்ட், பவர் விண்டோ, மியூசிக் சிஸ்டம். புதுசா கார் வாங்கின பசங்க முதல்ல செலவு பண்றது இதில்தான். தேஞ்ச டயரோட ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாட்டின காரை நான் எத்தனையோ பார்த்திருக்கேன்.

பணம் மிச்சம் பிடிக்கவும் இடம் இருக்கு. கார் கம்பெனி பெட்டியில் வர்ற பாகத்தைப் பல நேரம் தயாரிக்கிறது வேற ஒரு கம்பெனி. அதே கம்பெனி தன் சொந்தப் பெட்டியில் விலை குறைச்சு விக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரிச்சா வித்தியாசம் தெரியும். சைடு மிரர், ஹெட்லைட், கண்ணாடி ஸ்விட்ச் எல்லாம் புதுப்பேட்டையில் பழசா வாங்கினாலும் பரவாயில்ல. பிரேக்கும் டயரும் மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். சர்வீஸ் சென்டரில் தானா சேர்த்துவிடுற கோட்டிங், ஃப்ளஷிங் மாதிரி வரிகளை எஸ்டிமேட்டிலேயே அடிச்சுடச் சொல்லுங்க. மாத்தின பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்க. எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் வாங்கின பிறகே வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க.

ஒரே ரிப்பேருக்குக் காரோட இன்னிய விலையில் பாதி கேட்டா, நின்னு யோசிங்க. "ஏற்கெனவே இவ்வளவு போட்டாச்சே"ங்கிறது காரணமே இல்ல. போட்டது போட்டதுதான். இனிமே போடப்போறதுக்குக் கார் தகுதியா, அதை மட்டும் பாருங்க.

கடைசியா

35,000 சம்பளம் வாங்குற ஒருத்தர் "அப்போ நான் கார் வாங்கவே கூடாதா"ன்னு கேட்டா, என் பதில்: வாங்கலாம், ஆனா ஒத்திகை முடிஞ்சதுக்கு அப்புறம். கார் ஓடுமா ஓடாதாங்கிறது மெக்கானிக் பார்க்க வேண்டியது. அடுத்த ரிப்பேருக்குப் பணம் இருக்காங்கிறது நீங்க பார்க்க வேண்டியது. பின் சீட்டில் உட்கார்றவங்களுக்கு அந்த ரெண்டாவது விஷயம் தெரியாது. உங்களை நம்பித்தான் ஏறுறாங்க.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் வங்கி ஆப்பைத் திறங்க. 2,500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க, 'கார்'னு பெயர் வைங்க. அப்பா இப்பவும் என் காரில்தான் ஊருக்கு வர்றார். கிளம்புறதுக்கு முன்னாடி மட்டும் டயரை ஒரு தடவை குனிஞ்சு பார்த்துட்டுத்தான் ஏறுவார்.