பரிசோதனைச்சாலையின் யோக்கியதை

2003-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் நமது தேசத்தில் விற்ற குளிர்பானங்களில் பூச்சிமருந்து கலந்திருப்பதாக டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையத்தார் பிரசுரித்தனர். கம்பெனிக்காரர் எழுப்பிய ஆக்ஷேபங்களுள் ஒன்று, மையத்தாரின் பரிசோதனைச்சாலை தகுதிச் சான்று பெறாதது என்பது. (இத்தனை சிரத்தையைப் பானம் தயாரிக்கையில் காட்டியிருக்கலாம்.) 2004-ல் பார்லிமெண்டுக் கூட்டுக் கமிட்டி, மையத்தாரின் முடிவே சரியென்று அறிக்கை கொடுத்தது.

ஆயினும் அவ்வாக்ஷேபத்தை வெறும் தந்திரமென்று தள்ளிவிட நாம் சித்தமாயில்லை. ஐரோப்பியர் குடிதண்ணீரில் ஒரு பூச்சிமருந்துக்கு அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அதாவது ஆயிரங்கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சூக்ஷ்மமான கணக்கில், சரியாய்க் கழுவாத குப்பியொன்றே இல்லாத விஷத்தை உண்டாக்கிவிடும். ரஸாயனியின் கைதவறினால் இருக்கும் விஷமும் தெரியாமற் போகும். ஆகவேதான் தேர்ந்த பரிசோதனைச்சாலைகளில், மருந்து கலவாத மாதிரியொன்றையும், தெரிந்த அளவு மருந்தை வேண்டுமென்றே சேர்த்த மாதிரியொன்றையும் கூடவே பரீக்ஷிக்கிறார்கள். சேர்த்த மருந்தில் நூற்றுக்கு 70-க்குக் குறைந்தோ 120-க்கு மேற்பட்டோ திரும்பக் கிடைத்தால், பொதுவாக அன்றைய கணக்கை நம்புவதில்லை.

இதில் அசட்டையாயிருந்தால் லாபம் யாருக்கு? 2015-ல், ஈயம் மிகுந்ததென்று நூடுல்ஸுக்கு விதித்த தடையைப் பம்பாய் ஹைகோர்ட் ரத்து செய்ததற்கு, பரீக்ஷித்த சாலைகள் சட்டப்படியான அங்கீகாரம் பெறாதவை என்பதும் ஒரு காரணம். சரக்கு சுத்தமோ அசுத்தமோ, ஸர்க்கார் தரப்புச் சாக்ஷியமே விழுந்துவிட்டது. விலையுயர்ந்த யந்திரங்களை வாங்கித் திறப்பு விழா நடத்துவதுடன் ராஜ்ய ஸர்க்கார்கள் நின்றுவிடலாகாது. ஒவ்வொரு பரீக்ஷை முடிவுடனும் மேற்சொன்ன இரு மாதிரிகளின் கணக்கையும் ஜனங்கள் அறிய வெளியிடவேண்டுமென்று நாம் கேட்கிறோம்.