குதிரைப் பண்ணைகள் போனால் வயல்களும் போகும்

புறூக்ளினில் நாங்கள் வீடு வாங்கி வந்த புதிதில், பின்வேலிக்கு அப்பால் ஒரு வயல் இருந்தது. அதில் மூன்று குதிரைகள் மேயும். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலில் நின்று பார்ப்பா. "தம்பி, அந்த வெள்ளை நிக்கிற நிலையைப் பார். வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி வெளிக்கிடுற குதிரை மாதிரி இருக்கு" என்பா. இன்று அந்த வயலில் வரிசையாக வீடுகள். அவற்றில் நாலைந்து வீடுகள் எங்கட ஆக்களுடையவை.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் வீடு நிற்கிற நிலமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய சோளவயல்தான். வீடு வேண்டும் என்று ஸ்காபுரோவிலிருந்து கிழக்கே வந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் இப்போது என் மகள் குதிரை ஓடப் பழகும் பண்ணைக்கும் அதே நிலைமை வந்திருக்கிறது. அந்த நிலம் பண்ணை நடத்துபவருடையது அல்ல. வருடா வருடம் குத்தகை. அடுத்த வருடம் புதுப்பிப்பார்களா என்பது அவருக்கே தெரியாது. "இன்னும் எத்தனை பேர் பழக வருவினம் எண்டதைப் பொறுத்துத்தான்" என்று மகள் வந்து சொன்னாள். அன்று யோசிக்கத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

மகள் பழகுவது ஈவென்ரிங் என்ற விளையாட்டு. நம்மில் பலருக்கு இந்தப் பெயரே புதிது. ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று சோதனைகள். முதலாவது டிரெஸாஜ்: அளந்து கட்டிய களத்தில் குதிரை எவ்வளவு அமைதியாக, சொல்வழி கேட்டு நடக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டாவது குறொஸ் கன்ரி: வயல், மேடு, பள்ளம், நீர்நிலை எல்லாவற்றையும் கடந்து, அசையாத மரத்தடைகளைத் தாண்டி, குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். மூன்றாவது ஷோ ஜம்பிங்: தட்டினால் விழுகிற கம்புகளைத் தாண்ட வேண்டும். ஒரு கம்பு விழுந்தால் நாலு தண்டப்புள்ளி. குறொஸ் கன்ரியில் குதிரை ஒரு தடையில் மறுத்து நின்றால் இருபது. கடைசியில் யாருக்குத் தண்டப்புள்ளி குறைவோ அவருக்கே வெற்றி. ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. எல்லோரும் ஒரே போட்டியில்.

இது இராணுவக் குதிரைப்படையின் பயிற்சியிலிருந்து பிறந்தது. 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது இராணுவ அதிகாரிகள் மட்டுமே ஓடினார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக் ஈவென்ரிங்கில் இடம் கிடைத்தது 1964இல், டோக்கியோவில்தான். இன்று கனடாவில் எந்தப் பண்ணைக்குப் போனாலும் பழகுபவர்களில் பெரும்பாலானோர் பெண்பிள்ளைகள்.

"உது வெள்ளைக்காரப் பணக்காரரின்ர விளையாட்டு. உந்தக் காசுக்கு ஒரு டியூசனுக்கு அனுப்பலாம்" என்று என் மச்சான் சொல்லுவார். அவர் மட்டுமல்ல, நம்மில் அனேகம் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். டர்ஹமில் குதிரை என்றால் எங்களுக்குத் தெரிந்தது எஜாக்ஸ் டவுன்ஸ். அதிலும் பந்தயத்தை விடப் பக்கத்துச் சூதாட்ட மண்டபம்தான் பிரபலம்.

ஆனால் நாங்கள் வந்து குடியேறியிருப்பது குதிரைகளின் ஊர். ஒஷாவாவில் விண்ட்ஃபீல்ட்ஸ் என்று ஒரு பண்ணை இருந்தது. 1961இல் அங்கே பிறந்த நோதர்ன் டான்சர், குட்டியாக இருந்தபோது 25,000 டொலருக்கு விற்பனைக்கு விடப்பட்டும் வாங்க ஆள் வரவில்லை. ஆள் கட்டை என்று எல்லோரும் ஒதுக்கினார்கள். 1964இல் அதே குதிரை கென்ரக்கி டேர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி வென்றது. கனடாவில் பிறந்த குதிரை ஒன்று அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் தடவை. விண்ட்ஃபீல்ட்ஸ் 2009இல் மூடப்பட்டது. அதன் நிலத்தின் ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்குப் போனது. மற்றப் பகுதியில் வீடுகளும் கடைத்தொகுதியும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், நாங்கள் அங்கே சாமான் வாங்குகிறோம். பக்கத்து மண்ணில் நோதர்ன் டான்சர் புதைக்கப்பட்டிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அது பழைய கதை என்றால், புதிய கதையும் உண்டு. நம் பிராந்தியத்தின் வடக்கே, புறொக் நகரசபைக்குட்பட்ட கனிங்டன் என்ற சிற்றூரில் வாழ்பவர் ஜெசிக்கா ஃபீனிக்ஸ். 2011இல் குவாடலஹாரா பான் அமெரிக்கப் போட்டியில் ஈவென்ரிங் தனிநபர் தங்கம் வென்றவர். 2015இல் ரொறன்ரோ பான் அமெரிக்கப் போட்டியில் தனிநபர் வெள்ளி. 2012இலும் 2016இலும் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஓடினார். விட்பியிலிருந்து ஒரு மணித்தியாலக் கார்ப் பயணத்துக்குள் இருக்கிற ஊர் இது. ஹொக்கி வீரர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். ஈவென்ரிங் மற்றக் குதிரை விளையாட்டுகளைப் போன்றது அல்ல. டிரெஸாஜையும் ஷோ ஜம்பிங்கையும் ஒரு கொட்டகைக்குள் நடத்தி முடிக்கலாம். குறொஸ் கன்ரிக்கு நிலம் வேண்டும். அதுவும் மட்டமாக்கப்பட்ட திடல் அல்ல. மேடு, பள்ளம், மரத்தோப்பு, நீரோடை என்று இயற்கையாகக் கிடக்கிற நாட்டுப்புற நிலம். அக்ஸ்பிரிட்ஜ், ஸ்கூகொக், புறொக் ஆகிய மூன்று வடக்கு நகரசபைகளிலும் அது நிறைய இருக்கிறது. நிலத்தை நிலமாகவே வைத்துக்கொண்டு அதிலிருந்து வருமானமும் தேடக்கூடிய விளையாட்டு இது.

"நிலத்தைக் காக்கத்தான் பசுமைப் பட்டைச் சட்டம் இருக்கே" என்று கேட்பீர்கள். இருக்கிறது, 2005இலிருந்து. ஆனால் 2022 நவம்பரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பசுமைப் பட்டையிலிருந்து 7,400 ஏக்கரை வீடு கட்ட விடுவிப்பதாக மாகாண அரசு அறிவித்தது. அதில் மிகப் பெரிய துண்டு நம் பிக்கரிங்கில் உள்ள விவசாய நிலம். மக்கள் கொதித்தெழுந்த பிறகு, 2023 செப்ரெம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. இதிலிருந்து நான் படித்த பாடம் ஒன்றுதான். சட்டம் ஒரு வேலி. ஆள் நடமாட்டம் இல்லாத வளவின் வேலி கனகாலம் நிற்காது. யாரும் போகாத, யாருக்கும் தேவைப்படாத வயலுக்காகப் பேச ஆள் வராது. பிள்ளைகள் பழகுகிற, சனிக்கிழமைகளில் குடும்பங்கள் கூடுகிற வயல் என்றால் நூறு பேர் வருவார்கள்.

ஊரில் இது நமக்குத் தெரிந்த சங்கதிதான். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரி நடக்கிற நாளை நினைத்துப் பாருங்கள். வண்டி ஓடுகிறவர் ஒருவர். ஆனால் மாட்டைப் பராமரிப்பவர், வண்டிலைச் செய்யும் தச்சர், திடலைத் துப்புரவாக்குகிறவர், கொடி பிடிக்கிறவர், தேத்தண்ணிக்கடை போடுகிறவர் என்று ஊரே அதில் இருக்கும். சவாரித் திடலில் யாராவது கடை கட்டப் போனால் ஊர் விட்டுவிடுமா?

ஈவென்ரிங் போட்டியும் அப்படித்தான். ஒவ்வொரு தடைக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் நின்று, குதிரை தாண்டியதா மறுத்ததா என்று எழுத வேண்டும். நேரம் எடுக்க, பாதையைப் பார்க்க, வாகனங்களை நிறுத்தக் காட்ட ஆட்கள் வேண்டும். இவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள். உலர்புல் விற்கும் விவசாயி, லாடம் அடிப்பவர், மிருக வைத்தியர், சேணம் தைப்பவர், பக்கத்து உணவகக்காரர் எல்லோருக்கும் இதில் பிழைப்பு இருக்கிறது.

கியூபெக்கில் புறொமொன்ற் என்ற சிறிய ஊரைப் பாருங்கள். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகளில் பெரும்பாலானவை அங்கே நடந்தன. ஒலிம்பிக் முடிந்து எத்தனையோ நாடுகளில் விளையாட்டு அரங்குகளில் புல் முளைத்துவிட்டது. புறொமொன்றில் பிறகும் சர்வதேச ஈவென்ரிங் போட்டிகள் நடந்து வருகின்றன. நம் மாகாணத்திலேயே, 2015 பான் அமெரிக்கப் போட்டியின் குறொஸ் கன்ரி நடந்தது மோனோ என்ற கிராமப்புற நகரசபையில் உள்ள ஒரு பண்ணையில்தான். மோனோவால் முடிந்தது ஸ்கூகொக்கால் ஏன் முடியாது?

எதிர்வாதங்களும் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை.

முதலாவது காசு. சொந்தக் குதிரை வைத்திருப்பது செலவுதான். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் பழகுவதற்குச் சொந்தக் குதிரை தேவையில்லை. பண்ணைக் குதிரையில் வாரம் ஒரு பாடம் எடுக்க எங்களுக்கு ஆகிற செலவு, பிள்ளையை ஹொக்கிக்கு அனுப்பும் என் நண்பருடைய செலவை விடக் குறைவு. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் பலவும் இந்த விளையாட்டுக்கு மாறி இரண்டாவது வாழ்க்கை வாழ்கின்றன.

இரண்டாவது ஆபத்து. இதில் நான் பொய் சொல்ல மாட்டேன். குறொஸ் கன்ரி ஆபத்தான விளையாட்டு. உயர் மட்டப் போட்டிகளில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் பலமாக அடிபட்டால் சரிந்து விழும்படியான தடைகள் வந்தன. ஒன்ராறியோவில் 2001ஆம் ஆண்டின் சட்டப்படி, பண்ணையில் குதிரை ஓடும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசமும் தகுந்த சப்பாத்தும் கட்டாயம். தொடக்க நிலையில் தாண்டுவது தரையோடு கிடக்கும் சின்ன மரக்குற்றிகளை. ஆனாலும் மகள் முதல் தடவை தாண்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவது வீடு. "எங்கட பிள்ளையளுக்கு வீடு வேண்டாமோ?" நியாயமான கேள்வி. வேண்டும். ஆனால் ஏற்கனவே நகரமாகிவிட்ட இடங்களில் நெருக்கமாகவும் உயரமாகவும் கட்டலாம். வயலில் ஒரு தடவை கொங்கிறீற் போட்டால் அது திரும்ப வயலாகாது.

"எங்களுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெடுந்தீவில் கட்டையான குதிரைகள் இன்றும் காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. வெள்ளைக்காரர் கட்டிய குதிரை லாயத்தின் இடிபாடுகளும் அங்கே இருக்கின்றன. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா ஈவென்ரிங்கில் வெள்ளி வென்றார். இலங்கையில் பிறந்து சுவீடன் குடும்பத்தில் வளர்ந்த மதில்டா கார்ல்சன், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷோ ஜம்பிங்கில் இலங்கைக்காகக் களமிறங்கினார். தோல் நிறத்தைப் பார்த்துக் குதிரை ஆளை ஏற்றுவதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? மூன்று விஷயங்கள்.

டர்ஹம் பிராந்தியமும் வடக்கு நகரசபைகளும் சேர்ந்து, பொதுநிலத்தில் ஒரு பொதுக் குறொஸ் கன்ரிப் பயிற்சிப் பாதை அமைக்க வேண்டும். ஹொக்கிக்குப் பனித்தளம் கட்டுகிறோம், கிரிக்கெற்றுக்கு மைதானம் கேட்கிறோம். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மரக்குற்றிகளும் மண்ணும் பராமரிப்பும் போதும். தனியொரு பண்ணையால் தாங்க முடியாத செலவைப் பத்துப் பண்ணைகள் பகிரலாம்.

நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருடா வருடம் விளையாட்டுப் போட்டியும் ஒன்றுகூடலும் நடத்துகின்றன. வருடத்தில் ஒரு நாளை ஒரு குதிரைப் பண்ணைக்கு ஒதுக்குங்கள். வசதி குறைந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பருவப் பாடக் கட்டணத்தைக் கட்டுங்கள். இராப்போசன விருந்து ஒன்றின் செலவில் இதைச் செய்து முடிக்கலாம்.

பெற்றோருக்கு: பிள்ளை குதிரை ஓட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு போட்டிக்குத் தொண்டராகப் போங்கள். உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள் பட்டம் பெற 40 மணித்தியாலச் சமூக சேவை செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தடைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, பென்சிலும் பலகையுமாக ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இப்படியொரு உலகம் இருக்கிறதா என்று நீங்களே கேட்பீர்கள்.

2026 ஒக்ரோபரில் நகரசபைத் தேர்தல். வாக்குக் கேட்டு நம் கதவைத் தட்டுவார்கள், பொங்கல் விழா மேடையில் நம்மோடு நின்று படமும் எடுப்பார்கள். வழக்கமாக வரியையும் தெருவையும் பற்றித்தான் கேட்போம். இந்தத் தடவை இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: வடக்கே இருக்கிற வயல்களை வயல்களாக வைத்திருக்க உங்களிடம் என்ன திட்டம்?

அம்மா இப்போதும் காலையில் யன்னலருகே நிற்கிறா. தெரிவது பக்கத்து வீட்டுக் காரின் பின்பக்கம். போன ஞாயிறு அவவைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் ஓடிக்கொண்டிருந்த மண்ணிறக் குதிரையின் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தையாவது விட்டு வைப்பினமோ தம்பி?" என்று கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் நகரசபையில் இருப்பவர்கள் மட்டுமல்ல, நாங்களும்தான்.