துருவை மறைத்தால் மோசடி! சொல்லி விற்றால் காசு!

"பாடி கல்லு மாதிரி இருக்கு சார். ஒரு பெயிண்ட் அடிச்சாப் போதும், ராஜா மாதிரி ஓடும்."

பழைய கார் கைமாறும் இடத்தில் தவறாமல் காதில் விழும் வசனம் இது.

நம்பி வாங்குகிறார் ஒருவர். வீட்டுக்குக் கொண்டு வந்து கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்குகிறார். கீழே தகட்டைக் காணோம். ரோடு தெரிகிறது!

இதில் ஏமாந்தது வாங்கியவர் மட்டும் அல்ல. விற்றவரும்தான்.

நம்ம ஊர் கார்

அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு போன்ற கார்களைத் தேடி அலைகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பழைய காரை வாங்கி, பிரித்து, பழையபடி ஆக்கி ஓட்டிப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு வெறி.

இதில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம ஊர் கார். 1961-ல் இருந்து சென்னையில் தயாரானது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். அடியில் தனிச் சட்டம். அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடி.

அந்தக் கம்பெனியின் கார் தயாரிப்பு 1980-களோடு முடிந்து போனது. புது சாமான் வராது. ஆகவே காரில் இன்று மிச்சம் இருக்கும் கிரில், விளக்கு, மீட்டர் எல்லாம் தங்கம் மாதிரி. இது தெரியாமல் பலர் "ஓட்டை உடைசல்" என்று அவற்றைக் கழற்றிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டு விடுகிறார்கள்!

காந்தம் காட்டிக் கொடுக்கும்

விற்கிறவர் என்ன செய்கிறார்? டிங்கரைக் கூப்பிட்டு ஓட்டையில் பட்டி வைத்து அடைக்கிறார். மேலே பளபளவென்று பெயிண்ட். கையில் இருந்த காசு போச்சு.

வாங்க வருகிறவர் விவரமானவர். அவர் பளபளப்பைத் தேடி வரவில்லை. எப்படியும் அந்தப் பெயிண்ட் முழுவதையும் சுரண்டித் தகட்டைப் பார்க்கத்தான் போகிறார். பையில் இருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைக்கிறார். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் விழுகிறது.

அப்புறம் என்ன? ஒரு இடத்தில் பொய் என்றால் எல்லா இடத்திலும் சந்தேகம். என்ஜின் நல்லா இருக்கு என்றாலும் நம்ப மாட்டார். விலை அடிமட்டம்!

துருப்பிடித்த காரைத் துருவோடு காட்டியிருந்தால் இந்தக் கதி இல்லை. "உள்ளது உள்ளபடி" என்பதற்கு அதுதானே அர்த்தம்?

இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற காரைக் கழுவித் துடைத்து விட்டு வாயை மூடிக்கொண்டு விற்பது நியாயமா?

சட்டமும் சும்மா விடாது. ஏமாற்றும் நோக்கத்தோடு, தெரிந்த உண்மையை மறைத்து விற்றால் அது மோசடி என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு. ஊர் வாயில் "நானூத்தி இருபது" என்று வழங்கும் ஏமாற்றுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவாக உள்ளது.

ஆர்.சி. புக் எங்கே?

காரை விடப் பெரிய விஷயம் காகிதம். சேஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் போக வேண்டும். டீசல் மலிவு என்று பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜின் மாட்டிய அம்பாசிடர்கள் எத்தனையோ! அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டவர்களும் உண்டு.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டிய கார் இதில் வரும். ஆனால் சட்டம், பாடி, என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் அசல் நிலையில் வைத்திருக்க வேண்டும். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர் இருந்தால் அதையே வைத்துக் கொள்ளலாம். இந்தப் பதிவு பெற்றபின் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது.

என்ஜின் மாறிய காரை "அசல்" என்று சொல்லி விற்றால், வாங்கியவர் இந்தப் பதிவுக்குப் போகும்போது குட்டு வெளிப்பட்டு விடும்.

விற்றவருக்கும் ஆபத்து உண்டு. பணம் வந்தால் போதும் என்று பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்து விடுகிறார்கள். அந்தக் கார் யார் மீதாவது மோதினால்? ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கார் கை மாறியிருந்தாலும் தப்ப முடியாது!

அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் 29-ம் எண் படிவம்.

இப்படிச் சொல்லலாமே!

"1967 மாடல் ஹெரால்டு. ஒன்பது வருஷமா ஓடல. என்ஜின் கையால சுத்தினா சுத்துது, ஸ்டார்ட் ஆகல. தரையில ரெண்டு இடம் ஓட்டை. பின் விளக்கு ஒண்ணு இல்ல. வெள்ளத் தண்ணி பார்க்கல. ஆர்.சி. அப்பா பேர்ல இருக்கு, வாரிசு மாத்திக் கொடுக்கறோம்."

இவ்வளவு சொன்னால் யார் வாங்குவார் என்று கேட்கலாம். சரியான ஆள் வாங்குவார். எவ்வளவு செலவாகும் என்று முன்பே கணக்குப் போட்டு வருவார். பாதியில் விட்டு ஓட மாட்டார்.

ஏமாந்து வாங்கியவரோ காரைப் பாதி பிரித்த பிறகு பணம் இல்லாமல் கையைப் பிசைவார். கடைசியில் அதுவும் கிலோ கணக்கில் காயலான் கடைக்குத்தான் போகும். இனி ஒருபோதும் தயாராகாத காரில் ஒன்று குறைந்து விடும்.

ஆகவே பழைய கார் விற்கிறவர்களே, பெயிண்ட் டப்பாவைக் கீழே வையுங்கள். முதலில் ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்கள்!