காணிக்கை திரட்டப் பெண்கள், பிரசங்கபீடத்துக்கு ஆண்கள் மட்டுமா?

அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பு, தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்னும் பேரவை. அதன் ஆண்டுக் கூட்டம் 2023 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்தது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் உள்ள ஃபெர்ன் க்ரீக் சபையின் போதகர் லிண்டா பார்ன்ஸ் பாப்ஹம் அங்கே ஒலிபெருக்கி முன் நின்றார். தம் சபையை வெளியேற்றியது தவறு என்று வாதாட அவருக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள். அந்தச் சபையை 1993 முதல் மேய்ப்பராக இருந்து நடத்தி வந்தவர் அவர். வெளியேற்றத்தை ஆதரித்து 9,700 பேர் வாக்களித்தனர். அவர் பக்கம் நின்றவர்கள் 806 பேர். பெண்கள் மூவருக்குப் போதகர் அபிஷேகம் அளித்த கலிபோர்னியாவின் சாடில்பேக் சபையின் வெளியேற்றமும் அதே கூட்டத்தில் உறுதி செய்யப்பட்டது. இந்தச் சபைகள் மீது பணக் கையாடல் புகார் எதுவும் சொல்லப்படவில்லை. போதகர் பொறுப்பில் பெண் இருக்கிறார் என்பது ஒன்றே குற்றமாயிற்று.

இந்த வெளியேற்றங்கள் அநீதியானவை. அதைவிட, பாப்டிஸ்டுகள் தங்கள் சொந்த மரபுக்கே செய்யும் துரோகம் இவை. பேரவை இவற்றைத் திரும்பப் பெற வேண்டும்.

பாப்டிஸ்ட் இயக்கம் எதற்காகப் பிறந்தது? மனிதனின் ஆன்மாவின் மீது அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று 1612-இல் எழுதிச் சிறை புகுந்தார் தாமஸ் ஹெல்விஸ். விசுவாசி ஒவ்வொருவரும் இடைத்தரகர் இன்றிக் கடவுள் முன் நிற்கலாம். சபைக்கு மேலே பேராயர் கிடையாது. யாரைப் போதகராக அழைப்பது என்பதைச் சபையாரே கூடி முடிவு செய்வார்கள். பாப்டிஸ்டுகளின் அஸ்திவாரம் இதுதான். இந்தச் சுதந்திரம் இருந்ததால்தான் 1640களில் லண்டன் கோல்மன் தெருவில், லேஸ் வியாபாரம் செய்த அட்டவே என்ற பெண் கூட்டம் கூட்டிப் பிரசங்கிக்க முடிந்தது. பெண் போதகம் இந்தக் காலத்துப் பெண்ணியம் கொண்டுவந்த புதுமை என்பவர்கள், தங்கள் முன்னோரின் வரலாற்றையே படிக்காதவர்கள்.

உழைப்பைப் பெண்களிடம் வாங்கிக்கொள்வதில் பேரவை ஒருபோதும் தயங்கியதில்லை. 1873-இல் மிஷனரியாகச் சீனா சென்ற லாட்டி மூன், பிங்டுவில் வீட்டிலேயே கேக் சுட்டுக் கொடுத்துக் குழந்தைகளின் பயத்தைப் போக்கினார். அவர்கள் வழியாகத் தாய்மாரிடம் பேசினார். ஆண்களும் அவர் போதனையைக் கேட்டார்கள். ஆனால், விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க, அபிஷேகம் பெற்ற ஆண் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிஷனரிக் கூட்டங்களில் பெண்களுக்கு வாக்கு இல்லை என்ற பேச்சு 1885-இல் எழுந்தபோது, ராஜினாமா செய்வதாகவே எழுதியவர் அவர். அவர் வேண்டுகோளின்படி 1888-இல் பெண்கள் திரட்டிய கிறிஸ்துமஸ் காணிக்கை 3,315 டாலர். அவர் பெயரால் இன்றும் ஆண்டுதோறும் எடுக்கப்படும் அந்தக் காணிக்கை இதுவரை 500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பேரவையின் வெளிநாட்டு ஊழியம் பெருமளவு இந்தப் பணத்தில்தான் நடக்கிறது.

அதே 1885-இல், ஆர்கன்சாவிலிருந்து பிரதிநிதிகளாக வந்த இரண்டு பெண்களை ஏற்க மனமில்லாமல், ஆண்களுக்கு மட்டுமே இடம் என்று விதியைத் திருத்தியது பேரவை. அந்தக் கதவு திறக்க 1918 வரை ஆயிற்று. 1964-இல் வட கரோலினாவின் டர்ஹாமில், வாட்ஸ் ஸ்ட்ரீட் சபை ஆடி டேவிஸுக்குப் போதகர் அபிஷேகம் அளித்தது. தெற்கு பாப்டிஸ்டுகளிடையே அந்த அபிஷேகம் பெற்ற முதல் பெண் அவர். வாழ்த்துக்குப் பதில் அவருக்கு வந்து குவிந்தவை கண்டனக் கடிதங்கள். அழைக்க ஒரு தெற்கு பாப்டிஸ்ட் சபையும் முன்வராததால், வடக்கே வெர்மான்ட் மாநிலத்தில் அமெரிக்கன் பாப்டிஸ்ட் சபை ஒன்றில் ஊழியம் செய்யப் போனார். ஏதேனில் முதலில் விழுந்தவள் பெண் என்று காரணம் காட்டி, 1984-இல் பெண்களின் அபிஷேகத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது பேரவை. போதகர் பதவி ஆண்களுக்கே என்பது 2000-இல் விசுவாச அறிக்கையிலேயே ஏறிவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. தெற்கு பாப்டிஸ்ட் மிஷன் 1973-இல் தொடங்கிய பெங்களூர் பாப்டிஸ்ட் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணராகப் பணியாற்றி, அதன் நிர்வாகத்தையும் ஏற்று நடத்தியவர் டாக்டர் ரெபெக்கா நெய்லர். ஒரு மருத்துவமனையையே பெண்ணின் கையில் ஒப்படைக்கத் துணிந்தவர்களுக்கு, ஞாயிறு காலையில் ஒரு சபையை ஒப்படைக்க மட்டும் வேதம் குறுக்கே நிற்கிறதாம்!

வேதத்தை மதித்துத் தடை சொல்பவர்களின் வாதத்தை அலட்சியம் செய்யக் கூடாது. பெண் உபதேசிக்கக் கூடாது என்று தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதியதை அவர்கள் காட்டுகிறார்கள். அதே பவுல்தான் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ரோமருக்குப் பரிந்துரைத்தார். அப்பொல்லோவை அழைத்துச் சென்று கற்றுக்கொடுத்தவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி. உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடர்களிடம் முதலில் கொண்டுபோனவள் மகதலேனா மரியாள். ஒரு நிருபத்தின் ஒரு பகுதியை எல்லாக் காலத்துக்கும் சட்டமாக்கி, மற்றவற்றை விதிவிலக்காக ஒதுக்குவது வேத பக்தி ஆகாது.

எந்தச் சபையோடு ஐக்கியம் கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை பேரவைக்கும் உண்டு என்பது அடுத்த வாதம். உரிமை உண்டுதான். ஆனால், முன்குறித்தல் போன்ற பெரிய உபதேசங்களில் நேரெதிர் கருத்து கொண்ட சபைகள் அதே பேரவையில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கெல்லாம் இருக்கும் பொறுமை, பெண் என்றதும் எங்கே போகிறது?

மனத்தை அதிகம் வதைப்பது வேறொன்று. பாலியல் குற்றம் புரிந்த போதகர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் மன்றாடினார்கள். சபைகள் தன்னாட்சி உடையவை, நாங்கள் தலையிட முடியாது என்று 2008-இல் கைவிரித்தது பேரவையின் நிர்வாகக் குழு. டெக்சாஸ் பத்திரிகைகள் இரண்டு 2019-இல், இருபது ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதை வெளிக்கொணர்ந்தன. நிர்வாகக் குழு அலுவலகத்திலேயே அப்படியொரு பட்டியல் ரகசியமாக வைக்கப்பட்டிருந்ததை கைட்போஸ்ட் நிறுவனத்தின் 2022 விசாரணை அறிக்கை சொன்னது. அதற்குப் பின் விதிகள் கடுமையாகின என்பது உண்மை. ஆனாலும், குழந்தைகளைச் சீரழித்தவனைத் தடுக்கக் குறுக்கே நின்ற அதே தன்னாட்சி, நல்ல மேய்ப்பரைப் பெற்ற சபையைக் காப்பாற்ற மட்டும் உதவவில்லை.

பெண் போதகர்கள் வந்தால் சபை சிதறும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. 1918-இலேயே இங்கிலாந்தில் இடித் கேட்ஸ் பாப்டிஸ்ட் சபையின் போதகரானார். அமெரிக்காவின் வடக்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1921-இல் ஹெலன் பாரெட் மான்ட்கோமரியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்து 1924-இல் வெளியிட்டவர் அவர். அந்தச் சபைகளின் விசுவாசம் அதனால் குன்றிவிடவில்லை.

பெண் போதகர்களைக் கொண்ட சபைகளை விலக்க அமைப்புச் சட்டத்தையே திருத்தும் முயற்சி 2024-இலும் 2025-இலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றது. இரு முறையும் பத்தில் ஆறு பேர் அதை ஆதரித்தார்கள் என்பது கவலைக்குரியது. மீதி நாலு பேர் மறுத்தார்கள் என்பது நம்பிக்கைக்குரியது. அந்த நாலு பேரின் மனசாட்சிக்குப் பேரவைத் தலைமை செவிகொடுக்கட்டும். ஃபெர்ன் க்ரீக்கும் சாடில்பேக்கும் மீண்டும் வரவேற்கப்பட வேண்டும். யாரைப் போதகராக அழைப்பது என்ற முடிவு முழுமையாக உள்ளூர்ச் சபையிடமே விடப்பட வேண்டும். 2000-இன் விசுவாச அறிக்கையிலிருந்து அந்தத் தடை நீக்கப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய இறையியல் தேவையில்லை. ஹெல்விஸ் அன்று அரசனிடம் கேட்ட சுதந்திரத்தைப் பாப்டிஸ்டுகள் தங்கள் சகோதரிகளுக்குக் கொடுத்தால் போதும்.