தேன் பெட்டியும் பேங்க் ஆபீசர் கணக்கும்

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். திருநெல்வேலிக்காரர், எங்களைப் போலவே பிழைக்க வந்து புனேயில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுபவர். எங்கள் மொட்டை மாடியில் தேன் பெட்டி இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறார். "சார், ஆன்லைன்ல ஒரு பெட்டி வாங்கி பால்கனியில வச்சா வருஷத்துக்கு எத்தன கிலோ வரும்?" இதுதான் முதல் கேள்வி. "பூஜ்யம்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். மனிதர் கொஞ்சம் முகம் சுளித்திருப்பார். போனில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. 2020-ல் மத்திய அரசு தேனீ வளர்ப்புக்கு 500 கோடி அறிவித்த பிறகு, எங்கள் கிளைக்கும் தேனீ வளர்ப்புக் கடன் கேட்டுச் சிலர் வந்தார்கள். பி.காம். படித்தவன் ஆயிற்றே, முதலில் வருமானப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். இத்தனை பெட்டி, பெட்டிக்கு இத்தனை கிலோ, கிலோவுக்கு இத்தனை ரூபாய். பெருக்கல் எல்லாம் கரெக்டாக இருக்கும். ஈ என்ன சாப்பிடும் என்று மட்டும் ஒரு வரி கூட இருக்காது. பெட்டிக்குள் இருக்கும் தேன் மொத்தமும் லாபம் என்ற நினைப்பு. அதில் பெரும் பகுதி மழைக்காலத்துக்கு ஈ ஒதுக்கி வைத்திருக்கும் ப்ராவிஷன். அதில் கை வைக்கிறவனை எங்கள் ஆடிட்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் :-)

ஊர்க்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குக் குமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். அப்பாவிடம் 22 பெட்டி இருந்தது. எல்லாம் அயனி மரம். ரப்பர் தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் எங்களுக்குத் தேன் சீசன். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இளம் இலையின் காம்பில் சுரப்பது. எங்கள் ஸ்கூல் பீஸ் அந்த மூன்று மாதத்தில்தான் வந்தது. 1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் எங்கள் பக்கத்திலும் பரவியது. புழுக்கள் தண்ணீர் நிரம்பிய பை மாதிரி ஆகி, தலையைப் படகு முனை போலத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து மூடியது நினைவிருக்கிறது. அந்த வருஷக் கடைசியில் ஒரு பெட்டியில் கூட ஈ இல்லை. பெட்டிகளை விறகுப்புரையில் அடுக்கி வைத்தார். அப்புறம் தேனீயைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன் நான் பெட்டி செய்யப்போகிறேன் என்றதும் அப்பா "வேண்டாம் மக்கா" என்றார். கேட்டேனா? அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து, அளவெல்லாம் குறித்துக்கொண்டு, இங்கே ஒரு சுதாரைப் பிடித்தேன் (மராத்தியில் தச்சர்). பத்துச் சட்டம் வைத்த பெரிய லாங்ஸ்ட்ராத் பெட்டி. உள்ளே வெளியே எல்லாம் வார்னிஷ். பார்க்க எங்கள் டிவி ஸ்டாண்டை விட அழகு. வளர்ப்பவர் ஒருவரிடம் ஒரு கூட்டம் வாங்கி உள்ளே விட்டேன். பதினோராம் நாள் காலையில் பெட்டி காலி. ஒரு ஈ இல்லை. தங்கமணி எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

அப்பாவுக்கு போன் போட்டேன். அளவைக் கேட்டார். சொன்னேன். "நீ உனக்க ஆசைக்குப் பெட்டி செய்திருக்க. ஈக்க அளவுக்குச் செய்யணும்" என்றார்.

அந்தப் பெட்டி செய்யப்பட்டது இத்தாலியத் தேனீக்கு. அதன் கூட்டம் பெரிது. 1960-களில்தான் அது இங்கே, வட இந்தியாவில், காலூன்றியது. நம் மரப்பொந்துகளில் இருக்கும் அடுக்குத் தேனீ, இங்கே சாத்தேரி என்பார்கள், உருவமும் சின்னது, கூட்டமும் சின்னது. புழு வளர உள்ளே ஏறத்தாழ 35 டிகிரி சூடு வேண்டும். நாலு பேர் குடும்பத்தைக் கல்யாண மண்டபத்தில் குடிவைத்தால் எப்படியிருக்கும்? சூட்டைக் காக்க முடியாது, காலி மூலைகளில் அந்துப்பூச்சி ஏறும். அடுக்குத் தேனீக்குப் பிடிக்கவில்லை என்றால் சண்டை போடாது, கிளம்பிவிடும். வார்னிஷ் நாற்றத்துக்கே கிளம்பியிருக்கலாம்.

இதற்கான விடை நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் இருந்தது என்பதுதான் எனக்கு வெட்கம். கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார், 1910-களில் நம் ஈக்காகவே ஒரு சின்னப் பெட்டியை உருவாக்கினார். ஏழு சட்டம், சட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம். அப்பாவின் பெட்டிகளும் அந்த வகைதான். சட்டங்களுக்கு இடையே ஈ நடமாட விடும் இடைவெளியை 1851-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த லாங்ஸ்ட்ராத்தும் பாதிரியார்தான். இந்த இடைவெளி நம் ஈக்கு ஏறத்தாழ 8 மி.மீ. குறைந்தால் நுழைய முடியாது. கூடினால் அங்கே குறுக்கே அடை கட்டிவிடும், பிறகு ஒரு சட்டத்தைத் தூக்கினால் பக்கத்து அடையும் கிழியும்.

இரண்டாவது பெட்டிக்கு அதே சுதார்தான். "ஒண்ணு ரெண்டு எம்எம்ல என்ன சாப் ஆயிடும்?" என்றார். நான் ஸ்கேலோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முக்கால் இஞ்ச் பலகை, நன்றாகக் காய்ந்தது, வாசனை இல்லாதது. சட்டத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 31 மி.மீ. உள்ளே எதுவும் பூசவில்லை. வெளியே மட்டும் பெயிண்ட், அதுவும் ஒரு மாதம் காய்ந்த பிறகே ஈயைக் கொண்டுவந்தேன். நாலு கால் ஸ்டாண்டு, ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில். எறும்புக்கு வேறு வழியில்லை. மழைத்தண்ணீர் வழிய முன்பக்கம் லேசான சாய்வு. இங்கே மழை மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் வாசல் கிழக்கே. ராத்திரி டியூப்லைட் எரியும் இடத்தில் வைக்கக்கூடாது. வெளிச்சத்துக்கு வந்து விழுந்து சாகும்.

நண்பரின் பால்கனிக்கு வருகிறேன். பால்கனி வேண்டாம் சார். ஈ போகும் பாதையில் துணி காயப்போட்டிருப்பீர்கள், குழந்தை நிற்கும், டியூப்லைட் வேறு. மொட்டை மாடி அல்லது தோட்டம் இருந்தால் யோசியுங்கள். அதற்கும் முதலில் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். தேனீ கொட்டினால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும், இதில் வெட்கம் பார்க்கக்கூடாது. எங்கள் சொசைட்டியில் அனுமதி வாங்கவே மூன்று மாதம் ஆயிற்று. தண்ணீர் டேங்க் அடியில் ஒருமுறை மலைத்தேனீ (இங்கே ஆக்யா) கூடு கட்டி, மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டவர்கள் அவர்கள். அதுவும் இதுவும் வேறு என்று வீடு வீடாகச் சொன்னேன். இதே புனேயில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மத்திய தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் 1962 முதல் இருக்கிறது. அங்கே பயிற்சி எடுத்துவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள். நான் எடுத்தது முதல் கூட்டம் ஓடிய பிறகு.

முதல் வருஷத் தேனை எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. சட்டப்படி எடுக்கலாம், மேலே தேன் அறையில் இருப்பது நமக்குத்தான் என்பார்கள். நம் ஈ வருஷத்துக்கு ஆறேழு கிலோ தந்தாலே நல்ல விளைச்சல், அதுவும் ரப்பர் மாதிரி ஏதாவது பக்கத்தில் இருந்தால். நகரத்தில் நாவலும் புங்கமும் பூத்து முடிந்ததும் மழை பிடித்துக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்தான் சர்க்கரைப் பாகு வைத்தேன். அதன் தேனை எடுத்து விற்றுவிட்டு, மழைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது, டெபாசிட்டரின் பணத்தை எடுத்துவிட்டு அவருக்கே லோன் கொடுப்பது மாதிரி எனக்குப் படுகிறது. இதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு நான் புத்தி சொல்லவில்லை. அப்பாவும் எடுத்தவர்தான், அதில்தான் நான் படித்தேன். சம்பளம் வாங்கும் நமக்கு என்ன அவசரம்?

அப்பாவுக்கு இப்போது 82. ஞாயிறு தோறும் போனில் முதல் கேள்வி பேரனைப் பற்றி இல்லை. "எத்தன சட்டத்துல ஈ இருக்கு?"

"அஞ்சு."

"புழு வெள்ளையா இருக்கா? தலை தூக்கிக் கிடக்கா பாரு."

"வெள்ளையா, சுருண்டு கிடக்குப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி, சும்மா சும்மா திறக்காத" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். முப்பது வருஷத்துக்கும் மேலாயிற்று, இன்னும் அந்தத் தலையைத்தான் தேடுகிறார்.

நண்பரை வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டில் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.