வயதும் ஆராய்ச்சியும்

சித்திரைதோறும் நம் தல்லாகுளத்தில் அழகர் எதிர்சேவை காணத் திரளும் ஜனங்களிடத்தில் எவரும் பிராயம் கேட்பதில்லை. தோளில் ஏறிய குழந்தையும் கோலூன்றிய கிழவரும் ஒரே வீதியில் நிற்கின்றனர். கல்வியின் வாயிலிலோ நிலைமை அவ்வாறன்று.

என் அத்தையார் தல்லாகுளவாசி. இருபதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளியாசிரியையாக இருந்து வருபவர். தபால்வழிக் கல்வியால் உளநூலில் எம்.ஏ. பட்டமும் பெற்றவர். பரீட்சையில் தவறிய பிள்ளைகளின் மனநிலையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற வேண்டுமென்னும் அவாவினால், தமது 46ஆம் பிராயத்தில் ஒரு சர்வகலாசாலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில் ஆராய்ச்சிப் பொருளைப் பற்றி ஒரு வினா எழுந்ததாம்; பிராயத்தைப் பற்றி மூன்று எழுந்தனவாம். "தாங்கள் முடிப்பதற்குள் ஓய்வு பெறுங்காலம் நெருங்கிவிடுமே, இதனால் யாருக்குப் பயன்?" என்பது கடைசி வினா. இடம் கிடைக்கவில்லை. வீடு திரும்பியவர், "எனக்கு இன்னும் எத்தனை வருஷம் மிச்சம் என்று எண்ணினார்களே ஒழிய, இத்தனை வருஷத்தில் நான் கண்டது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, தம்பி" என்றார். அச்சொல்லே இவ்வியாசத்திற்குக் காரணம்.

சட்டம் யாது கூறுகின்றது? டாக்டர் பட்ட ஆராய்ச்சி குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழுவார் 2022இல் வெளியிட்ட விதிகளில் உச்ச வயது வரம்பு ஏதுமில்லை. ஆயினும், தேசியத் தகுதித் தேர்வின் வாயிலாகக் கிடைக்கும் இளநிலை ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்திற்கு 30 வயதே எல்லை. மாதர்க்கும், பிற்பட்ட வகுப்பினர், பட்டியல் வகுப்பினர் முதலியோர்க்கும் ஐந்தாண்டு சலுகை உண்டு. கதவு திறந்திருக்கின்றது, உள்ளே புகுந்தார்க்குச் சோறில்லை என்பதே இதன் பொருள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாய், தனக்கென ஒரு நாழிகை காண்பதற்குள் நாற்பது கடந்துவிடுகின்றதன்றோ?

நிற்க. நடுவயதினரின் அறிவைக் குறித்து உளநூலே யாது கண்டுள்ளது என்பதை நோக்குவோம். வார்னர் ஷாயி என்னும் அறிஞர் 1956இல் சியாட்டில் நகரப் பகுதி மக்களின் அறிவாற்றலை அளக்கத் தொடங்கி, ஏழாண்டுக்கொருமுறை மீண்டும் மீண்டும் அளந்து வந்தார். கண்டவற்றை விரைவில் ஒப்பிட்டறியும் வேகம் இளமையிலிருந்தே தளர்கின்றது. சொல்லறிவும், ஏதுக்களைக் கொண்டு முடிவு காணுந் திறனும் நடுவயதிலேதான் உச்சியை அடைகின்றன என்பது அவர் கண்ட முடிபு. ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் வேண்டுவது இவற்றுள் எது என்பதை அறிஞர்களே கூறுக. பிராயம் நோக்கி மனிதரை இழிவாக எண்ணும் மனப்பான்மைக்கு 1969இல் தனிப்பெயரே இட்டார், ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மனநோய் வைத்தியர். நோய்க்குப் பெயர் கிடைத்தும் நோய் தீர்ந்திலது.

நம் தேசத்தில் உளநூல் வேரூன்றிய வரலாறும் ஒன்று கற்பிக்கின்றது. கல்கத்தா சர்வகலாசாலையில் 1916இல் அத்துறை தோன்றியபோது, வைத்தியத் தொழில் நடத்திவந்த கிரீந்திரசேகர போஸ் மீண்டும் மாணவராகி, 1921இல் டாக்டர் பட்டம் பெற்றார். வேறொரு தொழிலில் மனிதரைக் கண்டு பழகியவர் அன்று அத்துறைக்கு அந்நியராகவில்லை.

தமிழ் மாணவர்க்கு இன்னும் அணுக்கமான சான்று தனிநாயகம் அடிகளார். 1913இல் பிறந்த அவர், நாற்பது கடந்த பின்னர் லண்டன் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றார். அதற்கப்பால் என்ன பயன் விளைந்தது? 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் அவர் முதன்மையான காரணராயினார். அவ்வரிசையில் ஐந்தாம் மாநாடு 1981இல் நம் மதுரையிலேயே நிகழ்ந்தது.

"பொதுப்பணம் இளைஞர்க்கே உரியது, நெடுங்காலம் உழைக்கப்போகிறவர் அவர்களே" என்பார் சிலர். யானும் இளைஞனே. நாளை அவ்வுபகாரச் சம்பளத்தை நாடி நிற்போருள் யானும் ஒருவனாவேன். ஆதலின் இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளேன். எனினும், பட்டம் பெற்றதும் வேறு தொழில் நாடும் இளைஞரும் உளர். இருபதாண்டு வகுப்பறையிற் கண்டதை நூலாக்கித் தரவல்ல முதியோரும் உளர். எஞ்சிய ஆண்டுகளை எண்ணுவது இவ்விருவரையும் வேறுபிரித்துக் காட்டாது. பிறந்த ஆண்டை விடுத்து, முதுகலைப் பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து எல்லை வகுப்பின் இளைஞர்க்கும் இழப்பில்லை, காலந்தாழ்ந்து வருவோர்க்கும் வழியுண்டு.

அத்தையார் சோர்ந்திலர். புதுநத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற் குறிப்பெடுத்து வருகின்றார், மறுபடியும் விண்ணப்பிப்பார். இக்கலாசாலையினின்றும் நேர்காணற் பீடங்களில் இன்று அமர்ந்திருக்கும் பெரியோர்களையும், நாளை அமரப்போகும் நண்பர்களையும் யான் வேண்டிக்கொள்வது ஒன்றே. நரைத்த தலையர் ஒருவர் எதிரே வந்து அமருங்கால், அவரது ஆராய்ச்சிப் பொருளைப் பற்றிய வினாவை முதலிற் கேட்பீர்களாக. பிராயத்தைப் பற்றிய வினா பின்னர்த் தேவைப்படுமாயின் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.