வானத்து இரும்புக்கு ஊரும் பேரும் வேண்டும்

இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பிடிபடும் செய்தி நம் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. ஏமாந்தவர்கள் பட்டியலில் படித்தவர்களும் இருக்கிறார்கள். இரிடியம் வானத்திலிருந்து விழும் இரும்பில் உண்மையாகவே உண்டு. ஆனால் ஒரு டன்னில் பெரும்பாலும் சில கிராம்தான். கோவையில் பவுண்டரி சோதனைக்கூடத்தில் உலோகத்தை வெட்டிப் பார்த்தே காலம் கழித்த எனக்கு, அந்தச் சில கிராமை விட அதைச் சுமந்து வரும் இரும்புதான் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

‘விண்கல்லா பாருங்கள்’ என்று என்னிடம் கட்டிகளைக் கொண்டுவருவோர் உண்டு. அநேகமாக எல்லாமே உலைக் கழிவான இரும்புச் சிட்டம். கொடுமணல் போன்ற இடங்களில் பழங்காலத்திலேயே இரும்பு உருக்கிய கொங்கு மண்ணில் சிட்டம் கிடைப்பதில் வியப்பில்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழிகளின் துளைகள் தெரியும். இரும்பு விண்கல்லின் உள்ளே அப்படி இருக்காது. அதைக் காந்தம் வலுவாக இழுக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். நிக்கல் ஐந்து சதவீதமாவது இருக்கும். நிக்கல் இல்லையென்றால் பேச்சு முடிந்தது.

கடைசிச் சோதனைதான் அழகு. ஒரு முகத்தை அறுத்துப் பாலிஷ் செய்து, நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த நைட்டாலை ஊற்றினால், பெரும்பாலான இரும்பு விண்கற்களில் பட்டை பட்டையாக, குறுக்கும் நெடுக்கும் வரிகள் எழும்பும். வியன்னாவில் விட்மன்ஸ்டேட்டன் என்பவர் 1808இல் விண்கல் தகட்டைச் சூடாக்கி இவற்றைக் கண்டார். வரிகள் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. ஏறக்குறைய 456 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியக் குடும்பம் பிறந்த காலத்தில், சிறு கோள்கள் அலுமினியம்-26 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் வெப்பத்தால் உருகின. கனமான இரும்பும் நிக்கலும் நடுவே இறங்கிக் கருவாயின. மேலே கிடந்த பாறைப் போர்வை வெப்பத்தை வெளியே விடவில்லை. ஒரு டிகிரி குறைய நூறு முதல் பத்தாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்த நிதானத்தில் நிக்கல் குறைந்த படிகமும் மிகுந்த படிகமும் தனித்தனியே பிரிந்து வளர்ந்ததுதான் அந்த வரிகள். எந்த உலையிலும் இந்தப் பொறுமை கிடையாது. பிறகு நடந்த மோதல்களில் அந்தக் கருக்கள் உடைந்து சிதறியதால்தான் நம் கைக்குத் துண்டுகள் கிடைக்கின்றன.

என் மேசையில் உள்ள சிறு துண்டு சிகோட்டே-அலினைச் சேர்ந்தது. 1947 பிப்ரவரி 12 காலை, சோவியத் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விழுந்த இரும்பு மழை அது. உயரத்திலேயே பிரிந்து காற்றில் உருகி வந்த துண்டுகளில், பிசைந்த மாவில் கட்டைவிரல் அழுத்தியது போன்ற குழிகள் இருக்கும். தாழ்வாக வெடித்தவை கிழிந்த விளிம்போடு வெடிகுண்டுச் சில்லு மாதிரி இருக்கும். விழுந்த நாளும் இடமும் தெரிவதால்தான் இந்தத் துண்டு பேசுகிறது. அதே எடை, அதே வடிவம் உள்ள, எங்கே கிடைத்தது என்றே தெரியாத துண்டு பாதி ஊமை.

நம் மண்ணிலும் ஒன்று கிடைத்திருக்கிறது. 1898இல் பழனி மலையில் கண்டெடுத்த சுமார் 16 கிலோ இரும்புக்கு உலக அறிவியல் வைத்த பெயர் ‘கொடைக்கானல்’. அதன் இரும்புக்குள் கண்ணாடி போன்ற பாறைத் துளிகள் சிக்கியிருக்கின்றன. அவற்றின் வயது சுமார் 370 கோடி ஆண்டுகள். விண்கற்களில் இது இளவயது. கோளின் கருவில் உறைந்த இரும்பில் இப்படிப் பாறைத் துளி சிக்காது. பெரிய மோதலில் இரும்பும் பாறையும் கலந்ததால் உண்டானது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வெளிநாட்டு ஆய்வுக்கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் இந்தப் பெயரைக் கேட்டால், நம் இன்ஜினீயரிங் மாணவர்களில் எத்தனை பேருக்கு ஏரியும் படகும் தவிர வேறு நினைவுக்கு வரும்?

விண்கல் சேகரிப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆர்வலர்கள் தேடிக் கண்டெடுத்தவற்றால் அறிவியல் நிறையவே பயன்பெற்றிருக்கிறது. ஆனால் அர்ஜென்டினாவும் நமீபியாவும் தங்கள் மண்ணில் விழுந்தவற்றைச் சட்டம் போட்டுக் காக்கின்றன. எங்கே கிடைத்தது என்ற விவரமில்லாமல் விற்கும் துண்டை வாங்குகிறவர், அது திருட்டுப்பொருளாக இருந்தால் திருட்டுக்கும் பணம் கட்டுகிறார். ராசிக்கு நல்லதென்று அதை மோதிரமாக அறுக்கிறவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சந்தேகப்படும்படி ஒரு கட்டி கிடைத்தால் கழுவாதீர்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள், அமிலத்தில் போடாதீர்கள். கிடந்த இடத்தைப் படமெடுத்து, ஊர் பெயரும் தேதியும் எழுதி வைத்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். உலோகவியல் படிப்பு நடத்தும் ஒவ்வொரு கல்லூரிக்கும், அமிலத்தில் வரி எழுப்பிய ஒரு விண்கல் தகட்டை வாங்கித் தாருங்கள். கொடைக்கானல் விண்கல்லைப் பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். உண்மையான வானத்து இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளையிடம் எந்த மோசடிக்காரனும் இரிடியம் விற்க முடியாது.